ரெடாங் தீவின் கிளிமீன்

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும் வாசகர்களே, இம்முறை திரெங்கானு பக்கம் போய் வாருங்கள். மேராங் படகுத்துறையில் படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரெடாங் தீவில் இறங்கிவிடலாம். ஆண்டிறுதி விடுமுறை மட்டும் வேண்டாம். பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்.

மிதவை அங்கியும் நீர்க்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கரையோரத் தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பாருங்கள். பவளப்பாறைகளுக்கு நடுவே பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு மீன் மேய்ந்து திரியும். மலாய்க்காரர்கள் அதை 'ஈக்கான் பாயான்' என்பார்கள். பாயான் என்றால் கிளி. நமக்கும் அது கிளிமீன்தான். பற்கள் ஒன்றாக இணைந்து, அசல் கிளி அலகு போலவே இருக்கும். கொஞ்சம் அசையாமல் இருந்தால், அது பாறையைக் கொறிக்கும் 'கறுக் கறுக்' சத்தம்கூடக் காதில் விழும்.

அதற்கு உணவு பாறையில் படியும் பாசி. சுரண்டும்போது கூடவே உள்ளே போகும் சுண்ணாம்பைத் தொண்டைப் பற்களால் அரைத்து, மணலாக வெளியே தள்ளிவிடும். நீங்கள் காலாற நடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு இந்த மீனின் கழிவு! பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு அடங்காது.

இரவானால் சில வகைக் கிளிமீன்கள் தம் உடலில் சுரக்கும் கோழையால் உறை கட்டி, அதற்குள் உறங்கும். இரத்தம் உறிஞ்சும் கடற்பூச்சிகளுக்கு அது கொசுவலை. பல வகைகளில், பெண்ணாக இருந்த மீனே பின்னர் ஆணாக மாறி, பளிச்சென்ற நிறமும் பெறுகிறது.

ரப்பர்க் கன்று நட்ட இடத்தில் புல் வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பவளத்தின் கதையும் அதுதான். 2010-இல் கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்தபோது, ரெடாங், தியோமான், பாயார் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கம் சில மாதங்கள் மூடி வைத்தது. செத்த பவளத்தைப் பாசி மூடிவிட்டால், புதுப் பவளம் ஒட்டி வளர இடமிருக்காது. அந்த இடத்தைத் துப்புரவு செய்து கொடுப்பவர்களில் முதலாள் கிளிமீன். கூலி கேட்காத புல்வெட்டுக்காரர்!

ரெடாங்கைச் சுற்றி இரண்டு கடல்மைல் வரை கடல் பூங்கா. அங்கே மீன் பிடிக்கத் தடை. ஆனால் மீனுக்கு எல்லைக்கோடு தெரியுமா? அதைத் தாண்டினால் வலைதான். என்றைக்காவது மீன்கடையில் கிளி அலகோடு நீலமாக ஒன்று கிடந்தால், அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் கெம்போங் மீனை வாங்கிக்கொள்ளுங்கள். குழம்புக்கும் அதுதான் ருசி.