ஊவா மலைச்சாரலில் துவிச்சக்கர வண்டிப் பயணம்

நம்மவரிடையே துவிச்சக்கர வண்டி ஓட்டத் தெரியாதவர் அரியர். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே பள்ளிக்கும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் அதுவே நெடுங்காலத் துணை. ஆயின், அந்நிலம் தட்டையானது. அங்கே வண்டி மிதிப்பவனுக்கு எதிர்காற்று ஒன்றே எதிரி. மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் நாட்டிலே வண்டி மிதிப்பது முற்றிலும் வேறொரு கல்வியாகும். அக்கல்வியைப் பெறுதற்கு நம் இலங்கையிலே ஊவாவினும் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை என்பது நம் துணிபு. மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு விடுமுறை நாட்களில் அங்கு வண்டி மிதித்த அனுபவத்தைக் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

ஊவாவின் மேட்டு நிலத்தை ஒரு பெரிய கிண்ணம் என்று கொள்ளலாம். மேற்கிலும் தெற்கிலும் உயர்ந்த மலைவரிசைகள். கிழக்கே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுக்குலை மலை. இவற்றின் நடுவே, ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்பன போல, உருண்டு திரண்ட குன்றுகள். குன்றுகளின் மேலே தேயிலையும் பத்தனைப் புல்லும். இடுக்குகளிலே படிப்படியான நெல்வயல்கள். இங்கு பெய்யும் நீர் உமா ஓயாவாகவும் பதுளு ஓயாவாகவும் திரண்டு, வடக்கே ஓடி மகாவலியிற் கலக்கின்றது. புகையிரதத்திலோ மோட்டார் வண்டியிலோ செல்பவர் இதனை ஓர் அழகிய படமாகக் காண்பர். வண்டி மிதிப்பவரோ எந்தச் சரிவு எந்த ஆற்றுக்கு உரியது என்பதைத் தம் முழங்காலினால் அறிந்துகொள்வர்.

பயணத்துக்கு ஏற்ற காலம் எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக் காற்று, தான் சுமந்து வந்த மழையை மலையின் மேற்குப் புறத்திலேயே இறக்கிவிடுகின்றது. மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அது வறண்டு, வெப்பமுற்றுப் போகின்றது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் காற்று இதுவே. இக்காற்றின் வறட்சியினாலேதான் யூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் தனி மணம் உண்டாகின்றது. தேயிலைக்கு உகந்த அக்காலமே வண்டி மிதிப்பவனுக்கும் உகந்தது, வீதி உலர்ந்திருக்கும். ஒக்டோபர் முதல் சனவரி வரை இங்கு மழைக்காலம். அப்பொழுது மண்சரிவுக்கு அஞ்சிப் பயணத்தைத் தவிர்த்தலே அறிவுடைமை.

முதலாவது வழி அப்புத்தளையிலிருந்து பதுளைக்குச் செல்வது. அப்புத்தளை 1,431 மீற்றர் உயரத்திலே, மலைமுகட்டின் மேல் ஒரு குதிரைச் சேணம் போல அமைந்த சிற்றூர். தெற்கே நோக்கினால் நிலம் சட்டென்று சரிந்து தாழ்நிலமாகிவிடும். வானம் தெளிந்த காலையிலே தொலைவிற் கடல்கூடத் தெரியும். வடக்கே நோக்கினால் ஊவாக் கிண்ணம் முழுவதும் கண்ணெதிரே விரியும். அங்கிருந்து பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல வழியாகப் பதுளை ஏறத்தாழ 45 கிலோமீற்றர். பதுளை 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. எனவே வழி முழுவதும் இறக்கம் என்று எண்ணிவிடுதல் ஆகாது. ஒவ்வோர் இறக்கத்தின் முடிவிலும் ஓர் ஏற்றம் காத்திருக்கும். எல்லவுக்குச் செல்ல விரும்புவோர் கும்பல்வெலைச் சந்தியிலே பிரிந்து இறங்கி, மீண்டும் அதே ஏற்றத்தில் ஏறி வருதல் வேண்டும். பண்டாரவளைக்கு முன்னரே சற்று விலகினால் தியத்தலாவை. 1900 ஆம் ஆண்டிலே, தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் வீரர் ஆயிரக்கணக்கானோரை ஆங்கிலேயர் கொணர்ந்து காவலில் வைத்த புல்மேடுகள் அவை.

இவ்வழியிலே புகையிரதப் பாதையும் நம்முடன் கூடக்கூட வருகின்றது. மலைநாட்டுப் பாதையின் கடுஞ்சரிவு 44 அடிக்கு ஓர் அடி என்னும் அளவினது. அதற்குமேல் ஏற்றமாயின் எஞ்சின் திணறும். ஆதலின் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இல் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கட்டினார்கள். தெமோதரையிலோ, பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் விட்டுவந்த நிலையத்தின் கீழேயே சுரங்கம் வழியாகச் செல்லுமாறு அமைத்தார்கள். 1924 இலேதான் புகையிரதம் பதுளையை அடைந்தது. எஞ்சினுக்கு இத்தனை உபசாரம் வேண்டியிருந்த மலையிலே நம் கால்கள் இரண்டும் ஏறுகின்றன என்று எண்ணும்போது மாணவர்க்கு ஒரு பெருமிதம் உண்டாகின்றது. கணக்குப் பாடத்திலே சரிவு என்று படித்தது இங்கே மூச்சாகவும் வியர்வையாகவும் விளங்கிவிடுகின்றது.

இரண்டாவது வழி குறுகியது, ஆயின் கடியது. அப்புத்தளையிலிருந்து மலையின் இடுப்பிலே வளைந்து செல்லும் தோட்டப் பாதையில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சென்றால் தம்பேதன்னைத் தொழிற்சாலை. 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய சேர் தோமஸ் லிப்டனின் பெயரோடு இணைந்தது அது. அதற்கும் மேலே, தேயிலைச் செடிகளினூடே கொண்டையூசி போல மடிந்து மடிந்து ஏறும் பாதை, ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்திலுள்ள லிப்டன் ஆசனம் என்னும் முகட்டில் முடிகின்றது. ஏறக்குறைய முற்பகல் 10 மணிக்குப் பின்னர் முகில் வந்து மூடிவிடுவதுண்டு. ஆதலின் விடியுமுன் புறப்படுதல் நன்று. கியர் இல்லாத பழைய வண்டிகள் இவ்வேற்றத்துக்கு உதவா. இறங்கித் தள்ளிச் செல்வதில் வெட்கமும் இல்லை.

நாமும் அவ்வாறு தள்ளிக்கொண்டு சென்ற ஓரிடத்தில், கொழுந்துக் கூடையை நெற்றிப் பட்டியிலே தாங்கி நின்ற மூதாட்டி ஒருவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். “ஏறுறது லேசுங்கையா, எறங்குறதுதான் கஷ்டம். கூடையோட எறங்கிப் பாத்தாத் தெரியும்” என்றார். அன்று மாலை வரை மாணவர் எவரும் கால் நோகின்றது என்று முறையிடவில்லை.

மூன்றாவது வழி அப்புத்தளையிலிருந்து பொரலந்தை ஊடாக வெலிமடைக்குச் செல்வது. இது தோட்டங்களை விட்டுக் கமக்காரரின் நாட்டுக்குள் இறங்குகின்றது. கோவா, கரட், போஞ்சி ஆகியவை படிக்கட்டுப் பாத்திகளிலே விளைகின்றன. வெலிமடையைச் சூழ்ந்த வயல்களிலே, நெல் அறுத்த நிலத்தில் உருளைக்கிழங்கு நடுகிறார்கள். நீர் பாய்ச்சும் வாய்க்கால்கள் வீதியோரத்திலே சலசலத்து ஓடும். நம் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் உழைப்பை அறிந்தவர்க்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. மொழி வேறாயினும் மண்ணோடு பேசும் பேச்சு ஒன்றே.

இனி, இவ்வழிகளில் எல்லாம் நாம் கண்ட ஒன்றைச் சொல்லாது விடுதல் தகாது. இக்குன்றுகள் உடுத்தியிருக்கும் பச்சைப் பட்டு தானே முளைத்ததன்று. 19 ஆம் நூற்றாண்டிலே காடு அழித்துக் கோப்பி நட்டார்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் அதனை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அடுக்கடுக்கான கல்லணைகளையும், மண் கரையாது காக்கும் கான்களையும் அமைத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். ஒரு கிலோகிராம் தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மக்கள் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வடக்கிலே வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரிகளாகப் படிக்கும் மாணவன், இம்மலையில் ஒரு நாள் வண்டி தள்ளினால் அவ்வரிகளின் பாரத்தை உணர்வான்.

அப்புத்தளை முகட்டிலிருந்து தெற்கே இறங்கும் சாரலில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை இருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29 அன்று காலையிலே மலை சரிந்து, அங்கிருந்த லயங்களை மக்களோடு மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்திலே மண்சரிவுகளால் உயிர்கள் பல மாண்டன. அழகிய சரிவு என்று நாம் வியந்து நோக்கும் இடமே ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறம். மழை இரவுகளில் அக்குடும்பம் உறங்காதிருக்கும் இடம். மோட்டார் வண்டியிலே விரைபவர் கண்ணுக்கு லயத்தின் தகரக் கூரை ஒரு புள்ளியாகவே தோன்றி மறையும். வண்டி தள்ளுபவனுக்கோ கூரையின் மேல் வைத்த கற்களும், சுவரின் வெடிப்பும், வாசலில் அமர்ந்து பாடம் எழுதும் பிள்ளையும் தெரியும்.

புறப்பட விரும்பும் மாணவர்க்குச் சில வார்த்தைகள். பிறேக் இரண்டையும் புறப்படுமுன் சோதித்துக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கத்திலே ஒன்றையே இறுகப் பிடித்துக்கொண்டிராது, முன்னும் பின்னுமாக விட்டுவிட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்துவிடுங்கள். இடப்புறம் விலகாது, ஒருவர் பின் ஒருவராய் இடைவெளி விட்டுச் செல்லுங்கள். வளைவிலே பஸ் வண்டி எப்பக்கத்தை எடுத்து வரும் என்று சொல்ல இயலாது. தலைக்கவசமும், மூடுபனியில் எரியும் விளக்கும், ஒட்டுப் போடும் சாமான்களும் உடனிருக்கட்டும். மழை பெய்திருந்தால், வழி திறந்திருக்கின்றதா என்று அவ்வூராரைக் கேட்டு அறியாமல் புறப்படாதீர்கள். தோட்டப் பாதையிலே கொழுந்து பறிப்போரைக் கண்டால், வேடிக்கைப் பொருள் போலப் படம் பிடியாது, வணக்கம் சொல்லி, இசைவு கேட்ட பின்னரே பிடியுங்கள். தோட்டத்துக் கடையிலே ஒரு கோப்பை தேத்தண்ணீரும் றொட்டியும் வாங்கி உண்ணுங்கள். உரிய விலையைக் கொடுத்து, அங்கிருப்பவரோடு கால் மணி நேரம் பேசியிருங்கள். வண்டியிலே சென்றவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கும்.