மூன்றாம் பக்கத்துச் செய்தி

ஓர் ஊர் நமக்குச் சொந்தமாகிவிட்டதா என்பதைக் கண்டறிய நம்மிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. காலையில் நாளிதழ் வந்தவுடன் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுகிறோம் என்று பார்த்தால் போதும். முதற்பக்கம் உலகத்தாருக்கு உரியது. அதை எவ்வூரில் இருந்துகொண்டும் படிக்கலாம். ஊர்க்காரன் தேடுவது மூன்றாம் பக்கத்தை. எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, எந்த மரம் யாருடைய வண்டியின்மேல் சாய்ந்தது, எந்தக் கல்யாண மண்டபத்தில் குரங்கு புகுந்து பந்தியில் அமர்ந்தது என்பனவெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

1984-ஆம் ஆண்டில் குடந்தையை விட்டுப் பெங்களூருக்கு வந்த நாம், நெடுங்காலம் இச்சோதனையில் தேறவில்லை. தமிழ் நாளிதழை விரித்ததும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான் கண் தேடும். 120 அடிக்கு எத்தனை குறைகிறது என்று மனக்கணக்குப் போடுவோம். பெருமூச்செறிந்து இதழை மடித்து வைப்போம். நமக்கு அங்கே ஒரு குழி நிலமும் கிடையாது. ஆயினும் காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு ஜூன் 12-ஆம் நாள் மேட்டூரைத் திறப்பார்களா, மாட்டார்களா என்பது பஞ்சாங்கத்தில் குறிக்கப்படாத பண்டிகை. "கவலையெல்லாம் அந்த ஊருக்கு, வாடகை மட்டும் இந்த ஊருக்கா?" என்று இல்லாள் கேட்டதுண்டு. இத்தனைக்கும் அவர் அப்போது குடத்தில் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீரும் காவிரிதான். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஐந்நூறு மீட்டர் உயரத்திற்கு ஏற்றி, 1974 முதல் இந்நகருக்குக் கொண்டுவருகிறார்கள். குடந்தையில் நாம் குடித்த ஆற்றையே, அது குடந்தை போய்ச் சேருவதற்கு முன்பாக இங்கே வழிமறித்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

நாம் குடியேறியது சாமராஜப்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில். கீழ்ப்பகுதியில் வீட்டுக்கார அம்மாள். கன்னடத்தவர்; கணவரை இழந்தவர்; ஒரு தம்பூராவும் மிகுந்த கண்டிப்பும் உடையவர். பாட்டுச் சொல்லித் தருவதைத் தொழிலாகக் கொள்ளவில்லை எனினும், தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அவரே ஆசான். நம் மகளுக்கு ஐந்து வயது நிரம்பியதும், "நாளை முதல் அனுப்புங்கள்" என்று கட்டளை பிறந்தது. நாம் கேட்கவில்லை, அவரும் நம்மைக் கேட்கவில்லை.

அதுவரை 'கருநாடக இசை' என்ற பெயரில் உள்ள கருநாடகம் எது என்று நாம் நினைத்துப் பார்த்ததே இல்லை. குடந்தையில் அது நம் வீட்டுச் சொத்து. சரளி வரிசையை வகுத்தவர் புரந்தரதாசர், அவர் பாடியது கன்னடத்தில் என்று அம்மாள் முதல் நாளே தெளிவுபடுத்தினார். நாமும் சும்மா இருக்கவில்லை. திருவையாற்றின் பெருமையை எடுத்துவிட்டோம். "அந்தத் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியது யார்? பெங்களூர் நாகரத்தினம்மாள்தானே!" என்றார். விடை இல்லை. தம் சேமிப்பையெல்லாம் அக்கரையில் கொட்டிவிட்டு 1952-இல் மறைந்த அந்த மூதாட்டியின் பெயரிலேயே ஊர் இருந்தும், நமக்கு அது உறைத்ததில்லை.

ஆண்டுதோறும் சித்திரை வெயிலில் கோட்டை உயர்நிலைப்பள்ளித் திடலில் பந்தல் எழும். ஸ்ரீராம சேவா மண்டலியார் 1939 முதல் நடத்திவரும் இராமநவமி இசைவிழா அது. காற்று நம் பக்கம் வீசினால் மொட்டைமாடியிலேயே தோடி கேட்கும். வீசாவிட்டால் பேருந்தின் ஊதொலி கேட்கும். பல இரவுகளில் இரண்டும் ஒரே சுருதியில் கேட்டிருக்கின்றன. விழா நாளில் பானகமும் கோசம்பரியும் உண்டு. சங்கீதத்திற்காகப் போனோமா, கோசம்பரிக்காகப் போனோமா என்று நம் மகனைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். ஆதலால் எவரும் கேட்பதில்லை. நான்கு வயதில் அவனை மல்லேசுவரத்துச் சௌடையா நினைவு மண்டபத்திற்கு அழைத்துச் சென்றோம். 1980-இல் பிடில் வடிவிலேயே கட்டப்பட்ட மண்டபம். தந்தியும் குதிரையும் வில்லும் வெளியே தெரியும். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பின்வரிசைக்கும் கேட்கவேண்டுமென்று பிடிலுக்கு ஏழு தந்தி பூட்டியவர் சௌடையா என்றெல்லாம் விளக்கினோம். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதை வாசிக்கிற மாமா எங்கே படுத்துக்கொள்வார்?" என்றான்.

மகளின் பாடம் தட்டுத்தடுமாறி நடந்தது. அவளுடைய கன்னட உச்சரிப்பு அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. நமக்கோ, அம்மாள் நம் 'மழை'யை 'மளெ' என்பது பொறுக்கவில்லை. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்ததென்றும் பின்னாளில் வழக்கொழிந்ததென்றும் எங்கோ படித்திருந்தோம். அதைச் சொல்லி, "உங்கள் எழுத்தைத்தான் நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றோம். அம்மாள் அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு ழகரம் பழகியது மாடிவரை கேட்டது. காரவகையான ஏதோ உண்டுவிட்டார் என்றே இல்லாள் நினைத்தார்.

இவ்வாறு நகைத்துக் கொண்டிருந்த வீட்டுக்கு 1991 டிசம்பரும் வந்தது.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டி நகரில் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. நாம் அலுவலகத்தில் அகப்பட்டுக்கொண்டோம். பேருந்து இல்லை. தொலைவில் புகை எழுவதைப் பார்த்தவாறே சந்துகளின் வழியே நடந்தோம். வழியில் எவரேனும் பேச்சுக் கொடுத்தால் நம் கன்னடம் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாய் திறவாமல் நடந்தோம். நம் தெருமுனைக்கு வரும்போது இரவு எட்டு மணி இருக்கும். மாடியில் விளக்கு இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது போலிருந்தது. அடுத்த கணம் கீழ்வீட்டிலிருந்து நம் மகளின் குரல் கேட்டது. புரந்தரதாசர் பதம்.

வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. கூடத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. தெருவில் போகிறவர் கண்ணில் படுமாறு தம்பூராவுடன் நடுவில் அமர்ந்திருந்தார் அம்மாள். எதிரே நம் மகள். இல்லாளும் மகனும் உள்ளறையில். மாலை ஐந்து மணியிலிருந்து பாடுகிறாளாம். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து மூன்றாம் முறை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள், தொண்டை கம்மிவிட்டது. அவள் சற்றே நிறுத்தினாலும், "ஹாடு புட்டி, நில்லிஸபேடா" என்று அம்மாள் தொடையில் தாளம் தட்டினார். நாம் வருவதற்குச் சற்று முன்னர் இளைஞர் சிலர் வாசலில் நின்று, பாடுவது யார் என்று கேட்டார்களாம். அம்மாள் சொன்ன விடை, "நம்ம மகளு". இதைத் தமிழில் பெயர்க்க வேண்டிய தேவையில்லை.

மறுநாட் காலையில் அவர் வேறெதையும் பேசவில்லை. "பயந்தால் இவளுக்கு லகரம் ளகரமாகிவிடுகிறது, கவனிக்க வேண்டும்" என்றார்.

அவ்வாண்டில் திறப்பதாக இருந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரியருகே மூடியபடியே நின்றுபோயிற்று. ஓராண்டன்று, ஈராண்டன்று, பதினெட்டு ஆண்டுகள். அவ்வழியே போகும்போதெல்லாம் நம் மகன், "வள்ளுவருக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா?" என்பான். நாமும் சிரிப்போம், அச்சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் முதல்வர் எடியூரப்பா தலைமையில் கலைஞர் கருணாநிதி அச்சிலையைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. கூட்டம் கலைந்த பின்னொரு நாள் அம்மாளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தார். சர்வஞ்ஞர் பாடியது திரிபதி அல்லவா? "உங்களவருக்கு இரண்டு அடி, எங்களவருக்கு மூன்று. ஓரடி எங்களுக்கு அதிகம்" என்றார். "நீளம் போதாமல் சொல்ல முடியவில்லை போலும்" என்றோம். வீடு வரும்வரை அவர் நம்மோடு பேசவில்லை.

நாம் மூன்றாம் பக்கத்துக்காரர் ஆனது எந்த நாள் என்று திட்டமாகச் சொல்வதற்கில்லை. 2015 ஜூன் மாதத்தில் ஒரு காலை, சுல்தான்பாளையத்துச் சாலைப்பள்ளத்தில் முதலை கிடக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, மேட்டூரை மறந்து அம்மாளிடம் ஓடியது நினைவிருக்கிறது. பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர், தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் செப்பனிடுவாரில்லை என்று தாமே செய்த முதலையொன்றை அதில் மிதக்கவிட்டிருந்தார். இருவரும் பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் முதலையும் இல்லை, பள்ளமும் இல்லை. மாநகராட்சியை இவ்வளவு விரைவாக வேலை செய்யவைத்த பிராணி வேறில்லை. "நம் தெருவுக்கும் ஒன்று கேட்டு எழுதுங்கள்" என்றார் அம்மாள்.

பிறகு 2020 மே 20-ஆம் நாள் நண்பகலில் வானமே வெடித்தாற்போல் ஓர் ஓசை. கொள்ளைநோய்க்கு அஞ்சி இரண்டு மாதங்களாகக் கதவடைத்திருந்த தெரு முழுவதும் ஒரே நொடியில் வாசலுக்கு வந்துவிட்டது. பூகம்பம் என்றார் ஒருவர். எரிவாயு உருளை என்றார் மற்றொருவர். உண்மையில் நடந்தது, எத்தனையோ நாட்களுக்குப் பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நலம் விசாரித்ததுதான். விமானப்படையின் சோதனை விமானம் ஒலியை விஞ்சிப் பறந்த ஓசை அது என்று மாலையில் விளக்கம் வந்தது. அதற்குள் அம்மாள் தீர்ப்புக் கூறியிருந்தார்: "சமத்தில் விழவில்லை, அரை இடம் தள்ளி விழுந்தது."

அம்மாளுக்கு இப்போது எண்பதைக் கடந்துவிட்டது. கண் மங்கிவிட்டதால் காலையில் கன்னட நாளிதழை நாம்தான் படித்துக் காட்டுகிறோம். எழுத்துக்கூட்டித்தான். நாற்பதாண்டு இவ்வூர்த் தண்ணீர் குடித்தும் ஒற்றெழுத்துகள் நம்மை இன்னும் இடறிவிடுகின்றன. அவரும் ஒன்றைக்கூட மன்னிப்பதில்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரமே தண்ணீர் லாரியின் பின்னால் ஓடிய நாட்களில், வேறெச் செய்தியையும் அவர் கேட்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் மழை கொட்டியது. ஒரு காலை இதழை விரித்ததும் வழக்கம்போல், "கன்னம்பாடி எத்தனை அடி?" என்றார்.

124.8 அடி. கிருஷ்ணராஜசாகரம் நிரம்பிவிட்டது என்றோம்.

கண்ணை மூடிக்கொண்டு சிறிதுநேரம் விரலால் தாளம் போட்டார்.

"உங்கள் மேட்டூர்?"

தமிழ் நாளிதழ் மாடியில் இருந்தது. எடுத்துவர எழுந்தோம்.