பொன்னா, செம்பா?

'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரை இலக்கணம் பயின்றோர் மறந்திருக்க மாட்டார்கள். செம்பொன் பதின் தொடி எனப் பிரித்தால் பத்துத் தொடிப் பொன். செம்பு ஒன்பதின் தொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடிச் செம்பு. எழுத்து ஒன்றே, பிரிப்பில்தான் பொருள்.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக்கரை ஆழ்வார்திருநகரிவரை பத்துப்பாட்டு ஏடு தேடி வந்த உ.வே.சாமிநாதையர் 1889-இல் அந்நூலைப் பதிப்பித்தார். ஏடுகளில் புள்ளியும் இல்லை, சொல்லிடைவெளியும் இல்லை. பொருளறிந்து பிரிப்பது பதிப்பாசிரியரின் பொறுப்பு.

கணினியின் ஷெல்லுக்குச் சிக்கல் நேரெதிரானது. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த பார்ன் ஷெல்லின் வழக்கம் இன்றைய பாஷிலும் தொடர்கிறது: மேற்கோள் குறிக்குள் இல்லாத மாறியின் மதிப்பை இடைவெளி கண்ட இடமெல்லாம் அது வெட்டும்.

மறைந்த தந்தையாரின் கடிதங்களை ஸ்கேன் செய்து 'அப்பா' என்ற அடைவில் வைத்திருந்தேன். அதன் படி 'அப்பா நகல்'. நகலை நீக்க நண்பர் ஒரு நிரல் எழுதித் தந்தார். அடைவின் பெயர் ஒரு மாறியில் இருந்தது. மேற்கோள் குறி இல்லை. நீக்கும் கட்டளைக்குப் பதிலாக, அது பெறும் ஒவ்வொரு சொல்லையும் தனி வரியில் அச்சிடச் செய்து பார்த்தேன். இரண்டு வரிகள் வந்தன: அப்பா, நகல். 'நகல்' என்றொரு அடைவே இல்லை. 'அப்பா' இருந்தது. அதாவது, நகல் தப்பியிருக்கும், மூலம் அழிந்திருக்கும்.

"மாறியின் மதிப்புக்குள்ளேயே மேற்கோள் குறியைச் சேர்த்துவிடலாமே" என்றார் நண்பர். பயனில்லை. நிரலில் எழுதப்பட்ட குறிகளையே ஷெல் குறிகளாகக் கொள்ளும். மாறியை விரித்தபின் உள்ளிருந்து வருபவை வெறும் எழுத்துகள். 'இவால்' கொண்டு மறுபடி வாசிக்கச் சொன்னாலோ, பெயருக்குள் இருக்கும் சில குறிகள் புதிய கட்டளைக்கு வாசல் திறந்துவிடக்கூடும்.

தமிழில் பிறர் கூற்றை 'என்று' முடித்துவைக்கிறது. தொடக்கத்தைப் பொருளால் உணர்கிறோம். ஷெல்லுக்குப் பொருள் தெரியாது. தொடக்கம், முடிவு இரண்டையும் நாமே காட்ட வேண்டும். மாறியை வெளியே இரட்டை மேற்கோளில் இட வேண்டும். ஒற்றை மேற்கோளில் இட்டால் மாறி விரியாது. சொற்கள் பலவானால் ஒவ்வொன்றையும் பாஷின் அணியில் தனி உறுப்பாக வைத்து, இரட்டை மேற்கோளுக்குள் '@' குறியால் விரிக்க வேண்டும். அப்போது உள்ளிருக்கும் இடைவெளி சிதையாது.

நண்பரின் நிரலில் இரண்டு குறிகள் சேர்ந்தன. நகல் போயிற்று, அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.