பம்பாய்த் தீயணைப்புப் படையினரிடையே

பம்பாயின் பைகுல்லாப் பகுதியில் இருக்கும் தீயணைப்புப் படையின் தலைமை நிலையத்துக்குள் காலை வேளையில் நுழைகிறவருடைய கண்ணில் முதலில் படுபவை வாயிலை நோக்கி அணிவகுத்து நிற்கும் செந்நிற வண்டிகளே என்றாலும், என் கவனத்தை அதிகமாகக் கவர்ந்தவை, முந்திய இரவு எங்கோ உபயோகப்பட்டுத் திரும்பி, முற்றத்தில் நீளமாக விரிக்கப்பட்டிருந்த ஈரக் குழாய்கள்தாம். தலை நரைத்த வீரர் ஒருவர் அவற்றை முழம் முழமாகத் தடவி, எங்கேனும் தேய்மானம் உண்டா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்க அவருக்கு மனம் வருவதில்லையாம்.

நீர் வேகமாகப் பாயும்போது குழாயின் முனை சீறும் நாகம்போல் துள்ளும். தனி மனிதன் அதை அடக்குவது அபாயம். ஆகையால் முன்னவன் முனையைப் பிடிக்க, பின்னவன் தன் தோளை அவன் முதுகில் அணைத்து நிற்கிறான். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் அதன் சூட்டைச் சோதிப்பதும், புகை மேலே தங்குவதால் தரையோடு தவழ்ந்து செல்வதும், போன வழியை மறவாதிருக்கக் குழாயையே தடமாகக் கொண்டு மீள்வதும் இவர்களுடைய வித்தையின் பாலபாடங்கள். "உள்ளே நுழையும்போது எதற்கு அதிகமாகப் பயப்படுவீர்கள்?" என்று நான் கேட்டேன். "என்ன சரக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லாத முதலாளிக்குத்தான், சாகேப்" என்றார் பெரியவர், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நகரத்தின் சரித்திரமே இருக்கிறது. 1803-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோட்டைக்குள் மூண்ட பெருந்தீ, நெருக்கமாக அமைந்த குடியிருப்பின் விபரீதத்தைப் பம்பாய்க்கு உணர்த்தியது. போலீஸாரின் பல அலுவல்களுள் ஒன்றாகக் குதிரை வண்டிகளைக் கொண்டு நடந்துவந்த தீயணைப்பு, பஞ்சாலைகளும் கிடங்குகளும் பெருகிய காலத்தில், 1887-இல், மாநகராட்சியின் பொறுப்பாயிற்று. 1907-இல் முதல் மோட்டார் வண்டி வந்தது.

ஆனால் இப்படையினர் தங்கள் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினால், பேச்சு எப்படியும் 1944 ஏப்ரல் 14-ஆம் தேதிக்குத்தான் வந்து சேர்கிறது. அன்று விக்டோரியா கப்பல்துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில், கராச்சியில் ஏற்றிய 8,700 பருத்திப் பொதிகளோடு ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும் இருந்தது. அத்தகைய கப்பலில் பறக்கவேண்டிய செங்கொடியோ அதன் கொடிமரத்தில் இல்லை. பிற்பகலில் அடித்தளத்திலிருந்து புகை கிளம்பிற்று. படையினர் 900 டன்னுக்கு மேற்பட்ட நீரைப் பாய்ச்சினர். நீர் ஏற ஏற, எரியும் பொதிகளும் மிதந்து, மேல்தட்டில் இருந்த வெடிமருந்தை நெருங்கின. உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்த பின்பும் அவர்கள் குழாய்களைக் கீழே போடவில்லை. 4 மணி 6 நிமிஷத்துக்குக் கப்பல் வெடித்தது. அதன் அதிர்ச்சி தொலைவிலுள்ள சிம்லாவின் பூகம்பமானியிலும் பதிந்தது. சிறிது நேரத்தில் அதனினும் பயங்கரமான இரண்டாவது வெடி எழுந்தது. தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் மாண்டனர். அவர்களுடைய நினைவாகவே ஆண்டுதோறும் அத்தேதியில் தொடங்கி ஒரு வாரம் தேசமெங்கும் தீயணைப்பு வாரமாக அனுஷ்டிக்கப்படுகிறது. அந்தச் செங்கொடி ஒன்று பறந்திருந்தால், பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்களும் துறைத் தொழிலாளிகளும் காலத்தில் விலகியிருக்கக் கூடும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தலைமைப் பதவியில் இருப்பவர் தூரத்தில் நின்று கட்டளையிடுவார் என்று எண்ணுவது இங்கே பொருந்தாது. 2015 மே 9-ஆம் தேதி, கல்பாதேவியின் பழைய கட்டடம் ஒன்றில் பற்றிய தீயை அணைக்கச் சென்ற அதிகாரிகளுள் நால்வர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் படையின் தலைமை அதிகாரி சுனில் நேசரிகர்.

வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் இல்லத்திலோ கடையிலோ தீப்பற்றி, 101-க்குச் செய்தி சொல்லி, வண்டி வந்து நிற்குமானால், வாசலில் இறங்கும் முதல் வீரரிடம், உள்ளே யார் அகப்பட்டிருக்கிறார்கள், எரிவாயு உருளையும் ரசாயனமும் எந்த அறையில் இருக்கின்றன என்பவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள், அதற்கு முன்பே, இன்றைக்கே, மாடிப்படியில் அடுக்கியிருக்கும் சாமான்களை அப்புறப்படுத்திவிடுங்கள்.