மதிய நேர மார்க்கெட்டில் மூன்று படங்கள்

மதியம் இரண்டு மணிக்கு மேல் புதுச்சேரி பெரிய மார்க்கெட் கொஞ்சம் கண் அசரும். காலைக் கூட்டம் வடிந்து, சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் கிடைக்கும் அந்த இடைவெளியில்தான் காய்கறிக் கடை அக்கா படம் பார்க்கிறார். தக்காளிக் கூடையில் சாய்த்து வைத்த செல்போன், சென்னையில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. ஒரு படம் முடிய மூன்று மதியம் ஆகும். யாராவது கால் கிலோ பீன்ஸ் கேட்டால், புலியே பாய்ந்தாலும் படம் நிற்கும்.

எதிரில் வாழையிலை விற்கும் அண்ணன்தான் சக ரசிகர். ஆனால், தீர்ப்பு சொல்வது அக்கா.

முதலில் பார்த்தது, ஆங் லீக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'லைஃப் ஆஃப் பை' (2012). "நம்ம பொட்டானிக்கல் கார்டனை மிருகக்காட்சி சாலை ஆக்கிட்டாங்க பாருங்கண்ணே!" என்று சிரித்தார். குடும்பம் மொத்தமும் புதுச்சேரியை விட்டுக் கப்பல் ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "பொறந்த ஊரை விட்டுப் போறது லேசா?" என்றார். புலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து, மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' (2022). மாயாண்டித் தாத்தாவாக நடித்த நல்லாண்டி, படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று அண்ணன் சொன்னதும், அக்கா 'உச்' கொட்டினார். விதைக்கடையில் விதையில்லாத தக்காளி பற்றி தாத்தா பேசும் காட்சியை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து உருட்டிப் பார்த்து, "எத்தனை வருஷமா விக்கிறேன்... இதை யோசிச்சதே இல்ல" என்றார்.

மூன்றாவது, பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). "பாட்டே கிடையாதுக்கா, தூக்கம் வரும்" என்று எச்சரித்தார் அண்ணன். தூக்கம் வரவில்லை. சிமென்ட் திருட்டைப் போட்டு உடைக்கும் சித்தாள் மங்கம்மாவைப் பார்த்து, "இவதான் பொம்பள!" என்றார். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வரும் சொக்கலிங்க பாகவதர், சுவரைத் தடவிப் பார்க்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில், அந்த நிலமே அர்ச்சனாவுக்குச் சொந்தமில்லை என்று அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். அக்கா சட்டென்று செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு எழுந்ததிலிருந்தே இங்கே கடை போட்டிருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. ஒழுகாத கூரையும் நல்ல கழிவறையும் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கட்டி முடிக்கும் வரை எங்கே உட்காருவது, முடிந்த பிறகு இதே இடம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அக்கா உட்கார்ந்திருப்பது அவருடைய மாமியார் கடை போட்ட இடம். வாடிக்கையாளர்கள் கடைப் பெயரைக் கேட்டு வருவதில்லை; தூணுக்குப் பக்கத்து அக்கா என்றுதான் வருகிறார்கள்.

மறுநாள் மதியம், மிச்சமிருந்த சில நிமிடங்களையும் பார்த்து முடித்தார். தீர்ப்புக்காக அண்ணன் காத்திருந்தார்.

வெண்டைக்காய் மேல் தண்ணீர் தெளித்தபடியே அக்கா கேட்டார்: "ஏண்ணே, மார்க்கெட் விஷயமா கூட்டம் இருக்குன்னீங்களே... எத்தனை மணிக்கு? நானும் வரேன்."