குண்டுத் தலை ஆணி

இரவு இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். பகலில் பஸ் ஓடும் அதிர்வில் தூண் இறங்குகிறதா என்று மட்டம் பார்க்கும் கருவி நிலைகொள்ளாதாம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டச் சுரங்கம் கீழே கடந்துகொண்டிருந்த பாலம் அது. பெயரை எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பக்கத்தில் விட்டார்கள்.

சர்வேயர் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிப்பவருக்கு அவனைவிட இருபது வயது கூட. தூணின் அடியில் பதித்திருந்த குண்டுத் தலை ஆணியைத் தோள் துண்டால் துடைத்தார், விரலால் தடவிப் பார்த்தார், மறுபடி துடைத்தார்.

“எதுக்குண்ணே இத்தனை தடவை?”

“ஒரு பருக்கை மண்ணு ஒட்டியிருந்தா, தூணு எந்திரிச்சுருச்சுன்னு ரிப்போர்ட் போயிரும் தம்பி.”

பிறகு அளவுகோலை ஆணிமேல் வைத்து நின்றார். நிற்பதுதான் வேலை. குமிழி நடுவில் இருக்கும்வரை மூச்சைக்கூட அளந்துதான் விட்டார் என்று எனக்குத் தோன்றியது.

கீழே சுரங்கம் தோண்டும் இயந்திரம் முன்னால் மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் குடைகிறது. அழுத்தம் குறைந்தால் மேலே தரை இறங்கும், கூடினால் புடைக்கும். இயந்திரத்தின் உடல் கான்கிரீட் வளையத்தைவிடச் சற்றுப் பருமன் என்பதால், அது நகர்ந்ததும் வளையத்தைச் சுற்றி இடைவெளி விழும். அதில் உடனே கிரௌட் என்கிற கலவையை நிரப்ப வேண்டும். எப்படிச் செய்தாலும் கொஞ்சம் மண் கூடுதலாகப் போகும். மேலே தரை ஆழமில்லாத தொட்டிபோலக் குழியும் என்பதை மண் பொறியாளர் ரால்ஃப் பெக் 1969-இல் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். நானும் டீக்கடை பெஞ்சில் கணக்குப் போட்டேன்: ஆறரை மீட்டர் விட்டம், நடு ஆழம் 16 மீட்டர், நூற்றில் ஒரு பங்கு மண் இழப்பு. நடுவில் தரை 17 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும்.

பாலத்துக்கு அந்த 17 பெரிதல்ல. எல்லாத் தூணும் சேர்ந்து இறங்கினால் பாலத்துக்குத் தெரியவே தெரியாது. ஒரு தூண் இறங்கிப் பக்கத்துத் தூண் நின்றுவிட்டால்தான் வம்பு. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் பாலம் அதைக் கொஞ்சம் தாங்கும். கண்களைத் தாண்டி ஒரே உத்திரமாக ஓடும் பாலத்துக்குப் பொறுமை குறைவு. தூணைத் தாங்கும் பைல்களின் நுனி சுரங்கத்துக்கு நேர் மேலே இருந்தால் பயம் இரட்டிப்பு.

இதில் வெயிலும் விளையாடும். சுரங்கம் வருவதற்கு முன்பே பாலம் பகலில் நீண்டு, இரவில் சுருங்குகிறது. அதனால் பல வாரம் முன்பே ரீடிங் எடுத்து, பாலத்தின் சொந்தச் சுபாவத்தைத் தெரிந்துவைத்துக்கொள்கிறார்கள். ஜுரம் வருவதற்கு முன்பே நாடி பார்ப்பது மாதிரி.

சென்னை மண்ணை நம்ப முடியாது. மணல், களி, பாறை மூன்றும் ஒரே முகப்பில் வரும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கப் பணியின்போது திடீர்ப் பள்ளம் விழுந்து, ஒரு பஸ்ஸும் காரும் உள்ளே இறங்கியதை நகரம் பார்த்தது. அந்தப் பேச்சை எடுத்தபோது மட்டும் பையன் கருவியிலிருந்து கண்ணை எடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

நாலரை மணிக்குக் கணக்கு முடிந்தது. ஒரு தூண் மைனஸ் 3.2 மில்லிமீட்டர், அடுத்தது மைனஸ் 2.9. “பரவால்லண்ணே” என்றான். முதல் பஸ் தலைக்கு மேலே தடதடத்துப் போனது.

சுரங்கம் கடந்த பின்னும் களிமண் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். எண் அசையாமல் நிற்கும்வரை இந்த ஆணிக்கு ஓய்வில்லை. போன மாதம் யாரோ ஒரு ஆணியில் தள்ளுவண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்களாம். அது வளைந்து, அத்தனை வார ரீடிங்கும் வீண். பாலத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்களே, தூணோரம் குண்டுத் தலை ஆணி தெரிந்தால் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.