கணக்குத் தெரிந்தே குடித்தேன்

பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறவன் நான். ஆல்கஹாலை கல்லீரலில் ஒரு நொதி அசிட்டால்டிஹைடாக மாற்றும், அதை இன்னொரு நொதி அசிட்டிக் அமிலமாக்கும், கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான் மிஞ்சும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். நடுவில் வரும் அசிட்டால்டிஹைடு நஞ்சு, புற்றுநோய்வரை கொண்டுபோகும் என்றும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு மாலையில் கடை வாசலில் நின்றிருக்கிறேன்.

தெரியாமல் குடித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. தெரிந்ததைக் குடிக்கத் துணையாக்கிக்கொண்டேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்றால் அதில் சுமார் 61 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ஆக, எட்டு மணி நேரம். ராத்திரி முடித்தால் விடிவதற்குள் சரியாகிவிடும் என்று தைரியமாக இருந்தேன். இரண்டாவது குவார்ட்டர் வாங்கிய நாள்களில் கணக்குப் போடுவதையே தவிர்த்தேன். மறுநாள் மதியம்வரை ரத்தத்தில் ஓடும் என்று விடை வரும், அதனால்தான். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்வரைதான் அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட காலைகளில் என் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளியில் இறக்கிவிட்டிருக்கிறேன். இதை எழுதவே கை கூசுகிறது.

மூளையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒருநாள் காலை அவள் விண்ணப்பத்தை நீட்டி, "நர்சிங்கே சேரு, பணத்துக்கு நானாச்சுன்னு ராத்திரி சொன்னீங்களேப்பா" என்றாள். எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. ரத்தத்தில் ஆல்கஹால் விறுவிறுவென ஏறும்போது ஹிப்போகாம்பஸ் புதிய நினைவைப் பதிவதை நிறுத்திவிடுகிறது. ஆள் பேசுவான், நடப்பான், கதவைப் பூட்டுவான், எதுவும் பதிந்திருக்காது. யோசித்து மீட்கவும் அங்கே எதுவும் இருக்காது. "ஆமாம்மா, ஞாபகம் இருக்கே" என்றேன். என்னென்ன பேசினோம் என்று நானாகவே இட்டுக்கட்டியும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகோவ் 1887இல் விவரித்து எழுதிய நோயாளிகள் நினைவில் விழுந்த ஓட்டைகளைக் கதைகளால் அடைத்தவர்கள். குடி, வைட்டமின் பி1ஐக் குடல் சரியாக உறிஞ்சவிடாது. குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. அந்தக் குறை முற்றினால் மூளை அந்த நிலையில் போய் நிற்கும். ஆனால் அந்த நோயாளிகள் தங்கள் கதையை உண்மை என்றே நம்பினார்கள். நான் பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்புவரை போகலாம் என்று டாக்டர் என்னை வார்டில் வைத்துத்தான் நிறுத்தவைத்தார். முதலில் கையில் ஏற்றியது பி1 ஊசி. இப்போது குடிப்பதில்லை. பெண் நர்சிங் படிக்கிறாள், அப்பா சம்மதித்த ராத்திரியைத் தோழிகளிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். அந்த ராத்திரி எனக்கு இல்லை என்பதை இது அச்சாகி வருவதற்குள் அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.